ஆன் செய்த நொடி

"சார், ஆர்ஷாவோட கம்பெனி போன் ஆஃப்ல இருக்கு. யார் ஆன் பண்ணினாலும் அந்த நிமிஷமே உள்ள இருக்கறது பூராவும் அழிஞ்சிடும். செட் பண்ணிட்டேன்," என்றான் அலுவலகக் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் ஜெயந்த்.

"நல்லது. சொல்லாம கொள்ளாம வேலைய விட்டு நின்னுட்டா. கம்பெனி டேட்டா வெளிய போகக்கூடாது, கேட்டியா," என்றார் மேனேஜர் ஹரிநாராயணன்.

மாலையில் ஜெயந்தின் திரையில் 'அழிக்கப்பட்டது' என்று வந்தது. சற்று நேரத்தில் மேஜைத் தொலைபேசி ஒலித்தது.

"ஆர்ஷாவுக்க அப்பன் தாசையன் பேசுதேன். விழிஞ்ஞம் கடல்ல பிள்ளைக்க பாடி கிடைச்சுது. வீட்டுல கிடந்த போனை போலீஸ் இப்பத்தான் ஆன் பண்ணிச்சு. மேனேஜர் மிரட்டி அனுப்பின மெசேஜெல்லாம் அதுல இருக்குன்னு அவ சொல்லியிருந்தா. ஒண்ணையும் காணல்லியே மக்களே..."

ஜெயந்த் ரிசீவரைப் பொத்திக்கொண்டு திரும்பினான்.

"சார், ஆர்ஷா..."

ஹரிநாராயணன் அவனை முடிக்க விடவில்லை.

"எல்லாம் அழிஞ்சாச்சு இல்லியா?"