வேன் கூரை வெயில்

உத்திரமேரூர் ஏரிக்கரைத் தெரு ஓரம் நிற்கும் வேன்தான் தௌசீப்புக்கு வீடு. ‘கரண்டுக் கம்பி எதுக்கு? வெயில் எல்லாருக்கும் பொது!’ என்று வீடியோ போடுகிறவன், இன்று வேர்த்து வழிந்தபடி சோலார் கம்பெனிக்காரரைப் போனில் காய்ச்சி எடுத்தான்.

“கொளுத்துற வெயில்ல நாலு நாளா பேட்டரி ஏறல! ஏமாத்துறீங்களா?”

“பேனலை ஏதாச்சும் மறைக்குதா சார்?”

“இங்க மரமே இல்லய்யா!”

எதிர்வீட்டு சுதா தட்டை நீட்டினாள். “கூழ் வத்தல். சூடா பொரிச்சது, துன்னு பாரு தம்பி.”

கடித்ததும் கோபம் பறந்தது. “பிரமாதம்! எங்கே காய வச்சீங்க அக்கா?”

“உன் வேன் மேலதான். கண்ணாடி மாரி பலகை போட்டுக்கினு கீற, ஆடு வராது, மண்ணு ஒட்டாது. நீ கேமராவத் தூக்கினு போனதும் தெருவே ஏறி வேட்டி விரிச்சிடுது.”

“என்னைக் கேக்க வேணாமாக்கா?”

“நீதானப்பா வீடியோல சொன்ன, வெயில் எல்லாருக்கும் பொதுன்னு?”