ஊய்லா

அந்த நாட்டு ஆஸ்பத்திரிகளில் பாஸ்போர்ட்டெல்லாம் கேட்பதில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஒரு கருவி இருக்கும். நோயாளி வலியில் எப்படி அலறுகிறார் என்று அது கவனிக்கும். 'ஊய்லா' என்று அலறினால் உள்ளூர்க்காரர். பச்சை விளக்கு எரியும், நியாயமான கட்டணம். வேறெப்படி அலறினாலும் வெளிநாட்டுக்காரர். சிவப்பு விளக்கு, மூன்று மடங்கு.

அதனால் அங்கே பிழைக்கப் போயிருந்த வானதி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் புருஷன் இளம்பரிதி அவளைத் தினமும் கிள்ளினான்.

"அம்மா!"

"கெடுத்தியே காரியத்தை! ஊய்லான்னு கத்து."

முழங்கை கன்றிப்போனது. ஆனால் பழகிவிட்டது.

பிரசவத்தன்று உயிர்போகிற வலியிலும் வானதி ஊய்லா, ஊய்லா என்றே அலறினாள். பச்சை விளக்கு அணையவில்லை. நர்ஸ் அவளிடம், "நீங்க எந்தத் தெரு?" என்றுகூட விசாரித்தாள்.

குழந்தை பிறந்து வீறிட்டது. உடனே சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஐயோ, இவனுக்குச் சொல்லிக்கொடுக்கலையே!" என்று இளம்பரிதி பதறிப்போய்க் குழந்தையைக் கிள்ளக் கையை நீட்டினான்.

"பச்சப்புள்ளயத் தொட்டீங்கன்னா தெரியும்!" வானதி பத்து மாதத்துக்கும் சேர்த்து அவன் கையை ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"அம்மா!" என்று அறை அதிர அலறினான் இளம்பரிதி.

இன்னொரு சிவப்பு விளக்கு எரிந்தது.