குளம்புத் தடங்கள்

மாடுகளின் காதில் உண்ணி பொறுக்குவதுதான் அந்தக் கொக்கின் பிழைப்பு. நாலு பேருக்குத் தெரிந்தால் தொழில் பெருகுமே என்று, தினமும் குளத்தங்கரைச் சேற்றில் அலகால் ஒரு பதிவு எழுதிவைக்கும். விடிந்ததும் ஓடிப்போய், படிக்க வந்தவர்களின் குளம்புத் தடங்களை எண்ணும். இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று.

ஒருநாள் வேறு வழி தோன்றாமல், தன் நெடுநாள் வாடிக்கையான எருமையைப் பற்றி எழுதிவிட்டது: "இடது காதில் பதினேழு உண்ணி! நாற்றம் தாங்கலை!"

மறுநாள் கரை முழுக்கத் தடங்கள். எழுத்தே தெரியாதபடி மிதிபட்டிருந்தது. கொக்கு பூரித்துப்போய் மேய்ச்சலுக்குப் பறந்தது.

"படிச்சேன்பா. சிரிச்சுச் சிரிச்சு வயிறே வலிச்சுப்போச்சு," என்றது செவலைப் பசு.

"சந்தோஷம்க்கா. காதைக் காட்டுங்க, பார்த்துடறேன்."

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லையே," என்று பசு அவசரமாகத் தலையைத் திருப்பிக்கொண்டது.

அடுத்த மாட்டுக்கும் ஒன்றுமில்லையாம். அதற்கடுத்ததற்கும் இல்லையாம்.

உச்சிவெயிலில், பசி காதை அடைக்க, கொக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்தது. எருமை முதல் ஆளாக நிற்க, மாடுகளெல்லாம் வரிசைகட்டி வேலிக்கல்லில் காதைத் தேய்த்துக்கொண்டிருந்தன.