சைவக் குடித்தனம்

துறைமுகத்தை ஒட்டிய வணிகத் தெருவில், வெள்ளைக்காரன் காலத்து வங்கிக் கட்டடம் ஒன்று இருந்தது. அதன் உச்சி மாடத்தை வாடகைக்குக் காட்டத் தரகர் காகம் ஒரு புறாத் தம்பதியை அழைத்து வந்தது. பெட்டைக்கு முட்டையிடும் நேரம்.

"கடல் காத்து, பளிங்குத் தரை. கீழே நடக்கிறவன் எல்லாம் கோடீஸ்வரன்," என்றது காகம்.

வீட்டுக்காரப் பூனை மீசையை நீவியபடி கேட்டது: "நீங்க சைவம்தானே?"

"தானியம் தவிர வேற தொட்டதில்லைங்க," என்றது ஆண் புறா. "சீக்கிரமே ரெண்டு குஞ்சு வரும். பரவாயில்லையா?"

"குழந்தைங்கன்னா எனக்கு உயிர்," என்றது பூனை.

பெட்டைக்கு ஏதோ உறுத்தியது. "நீங்களும் சைவம்தானுங்களா?"

"அந்தக் கண்டிஷன் குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்தாம்மா."

பெட்டை கணவனைத் திரும்பிப் பார்த்தது. ஆண் புறா, பால் காய்ச்ச நல்ல நாள் எது என்று காகத்திடம் விசாரித்துக்கொண்டிருந்தது.