இடது கை

ஆம்புலன்சின் வலது பின்சக்கரம் மட்டும் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுழன்றது. இடது பக்கம் அசைந்து கொடுக்கவே இல்லை. டிரைவர் கீழே இறங்கி முதலாளிக்குப் போன் போட்டான்.

"ஒத்தச் சக்கரம்தான் சுத்துது சார். ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துச் சுத்த வைக்கிற டிஃபரன்ஷியல் பிளேட் சுத்தமா தேஞ்சுபோச்சு. உள்ள ஒருத்தர் ஸ்ட்ரோக் வந்து கிடக்காரு."

"பிளேட்டை மாத்துங்கன்னு மெக்கானிக் தலைப்பாடா அடிச்சுக்கிட்டாரு. நான்தான் பாக்கலாம், பாக்கலாம்னு இழுத்தடிச்சுட்டேன். அவரையே கேளு. இந்த மாதிரி மாட்டினா, சும்மா சுத்துற சக்கரத்தை அடக்கி மத்ததைச் சுத்த வைக்க ஏதோ வித்தை வச்சிருக்காரு. நம்பர் அனுப்புறேன்."

பின்கதவைத் திறந்து நோயாளியின் மகள் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, சீக்கிரம். அப்பா இடது கையால எதையோ பிடிச்சுப் பிடிச்சு இழுக்கறாரு. போர்வையத்தான் இழுக்கறாரோன்னு அதை எடுத்தும் அடங்கல. என்ன வேணும்னு கேட்டா பேச்சு வரல."

"இதோம்மா, ஒரு நிமிஷம்."

முதலாளி அனுப்பிய நம்பரை அழுத்தினான். மறுமுனையில் எடுத்ததுமே படபடவென்று கொட்டினான்.

"சார், நீங்கதான் ஒரு வழி சொல்லணும்..."

"அப்பாவால பேச முடியாதுங்க" என்றது அழுகைக் குரல்.

அதே குரல் வண்டிக்குள்ளிருந்தும் கேட்டது.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே டிரைவர் கதவருகே போனான். ஸ்ட்ரெச்சரில் கிடந்தவர் அவனையே பார்த்தார். அவருடைய இடது கை மெல்ல மேலே இழுத்தது, பாதியில் நின்றது, மறுபடி இழுத்தது.

ஹேண்ட்பிரேக்கைப் பாதி போட்டு ஆக்சிலேட்டரை மிதி என்று, வண்டி சேற்றில் இறங்கியதிலிருந்தே அந்தக் கை சொல்லிக்கொண்டிருந்தது.