சாக்லேட் சவப்பெட்டி

விலா எலும்பு ஒன்று பட்டென்று உடைந்ததும் டிம்ப்னா வாய்க்கு வந்தபடி திட்டினாள். சர்க்கரை மாவில் எலும்புக்கூடு செய்வது அவளுக்கு இதுதான் முதல் தடவை.

“விடு, ஒரு எலும்பு கொறஞ்சா என்ன? செத்தவன் எந்திரிச்சு வந்து எண்ணிப் பாக்கப் போறானா?” என்றான் கணவன் ஃபெர்கல். கிரீம் கிண்ணத்தை விரலால் வழித்து நக்கிக்கொண்டிருந்தான்.

“கைய எடு! இந்த ஊருக்கு வந்து கெடச்ச மொத ஆர்டர். இதுல சொதப்புனேன்னு வை, அப்புறம் ஒருத்தரும் எங்கிட்ட ஒரு பன்னுகூட வாங்க மாட்டாங்க.”

கார்க் நகரத்திலிருந்து மேயோ கடற்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊருக்கு அவர்கள் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டிலேயே கேக் செய்து தரப்படும் என்று டிம்ப்னா தபால் நிலைய ஜன்னலில் விளம்பரம் ஒட்டியிருந்தாள். போன வாரம் ஒரு பெரியவர் போன் செய்தார்.

“சவப்பெட்டி மாதிரி பெருசா ஒரு சாக்லேட் கேக் வேணும் தாயி. மூடியத் தொறந்துக்கிட்டு ஒரு எலும்புக்கூடு எட்டிப் பாக்கணும். அது கையில கறுப்பு பீர் கிளாஸ் கண்டிப்பா இருக்கணும். நொரை மட்டும் கொறஞ்சுதுன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும்.”

“ஜமாய்ச்சிடலாங்கய்யா. ஹாலோவீன் அன்னைக்குக் கொண்டு வந்துடவா?”

“அது முன்னப் பின்ன ஆகும். வீட்டுலேர்ந்து கூப்பிட்டுச் சொல்லுவாங்க. துறைமுகச் சாலையில நீல கேட்டு போட்ட வீடு. கூடவே கண்ணுமுழி வெச்ச கப்கேக் நெறைய செய். கூட்டம் நல்லா வரும்.” பேர் என்னவென்று கேட்பதற்குள், தனக்குத்தானே சிரித்தபடி போனை வைத்துவிட்டார்.

நேற்று ஒரு வயதான பெண் குரல், “நீல கேட்டு வீடு. நாளைக்கு மத்தியானம் கேக்கைக் கொண்டாந்துடும்மா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டது. டிம்ப்னா உடனே ஓவனைச் சூடாக்கி வேலையில் இறங்கினாள். கேக்கைச் சவப்பெட்டி வடிவில் செதுக்கி, அதன் மேல் சாக்லேட்டை உருக்கி ஊற்றினாள். கண்முழி ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நரம்பு இழுத்து இழுத்து விரல் மரத்தே போய்விட்டது.

இப்போது உடைந்த எலும்பை ஐசிங்கால் ஒட்டி முடித்தாள். ஊரே பேய் வேஷம் கட்டும் ஹாலோவீனுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. இருந்தால் என்ன, முதல் வாடிக்கையாளர் மனம் குளிரட்டுமே என்று முகமெல்லாம் பச்சைச் சாயம் பூசி, தலையில் சூனியக்காரித் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டாள்.

“சாயம் எதுக்கு வீணா? காலைல எந்திரிச்ச மூஞ்சியோடயே போயிருக்கலாமே!” என்றான் ஃபெர்கல். பறந்து வந்த கரண்டிக்குத் தப்பிக் குனிந்துகொண்டான்.

சவப்பெட்டி குலுங்கிவிடக் கூடாதென்று டிம்ப்னா காரை ஆமை வேகத்தில் ஓட்டினாள். பின்னால் வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்துபோனான்.

நீல கேட்டு விரியத் திறந்திருந்தது. வாசல் நிறைய கார்கள், உள்ளே ஜே ஜே என்று கூட்டம், அத்தனை பேரும் கறுப்பு உடை. என்னமாய் வேஷம் கட்டியிருக்கிறார்கள் என்று டிம்ப்னாவுக்கு ஒரே குஷி.

“பொணம் வந்தாச்சு! எங்க எறக்கட்டும்?” என்று கத்திக்கொண்டே கூடத்துக்குள் நுழைந்தாள்.

பாதிரியார் ஒருவர் ஜெபத்தைப் பாதியில் விழுங்கினார். கூடத்தின் நடுவே, மெழுகுவர்த்திகளுக்கு இடையில், ஒரு நிஜச் சவப்பெட்டி. அதற்குள் கோட்டும் சூட்டுமாக, விரல்களில் ஜெபமாலை சுற்றிய ஒரு நிஜக் கிழவர்.

டிம்ப்னாவின் நெற்றியிலிருந்து பச்சை வியர்வை வழிந்தது. ஓடலாம் என்றால் கையில் அவ்வளவு பெரிய கேக்.

தடித்த ஆள் ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். “எங்கப்பா செத்துக் கெடக்காரு, ஒனக்கு நக்கலா இருக்கா? யாரு ஒன்னை அனுப்புனது?”

“சத்தியமா தெரியாதுங்க! யாரோ ஒரு பெரியவரு நீல கேட்டு வீடுன்னாரு… வீடு மாறி வந்துட்டேங்க, மன்னிச்சுடுங்க!” மூலையில் யாரோ அடக்க மாட்டாமல் களுக்கென்று சிரித்தார்கள். நாளைக் காலைக்குள் கதை ஊரெல்லாம் பரவிவிடும், ஓவனை விற்றுவிட வேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

சமையலறையிலிருந்து ஒரு மூதாட்டி தேநீர்த் தட்டோடு வந்தாள். அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

“நீ இதைப் பாக்காதம்மா! உள்ள போ!” என்று மகன் பதறிக்கொண்டு மறித்தான்.

அவள் அவனை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, கேக்குக்கு மிக அருகே வந்தாள். எட்டிப் பார்க்கும் எலும்புக்கூட்டையும், அதன் கையில் நுரை தளும்பும் கிளாஸையும் வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. தேநீர்த் தட்டு தன் தலையில்தான் இறங்கப் போகிறது என்று டிம்ப்னா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

“அவரு பக்கத்துல வைம்மா, ஆர்டர் குடுத்தவரு அவருதானே!”