மூன்றாவது பெயருக்கு விழுந்த ஓட்டு

எத்திராஜின் கழுத்தில் மாலை விழுந்தது. மெஷின் துடைக்கும் காட்டன் வேஸ்ட்டைத் திரித்துக் கட்டிய மாலை. கிரீஸ் நாற்றம் அடித்தாலும் அவன் அதைக் கழற்றவில்லை.

"கொள்கைச் சிங்கம் எத்திராஜ்!" என்று ஒருவன் கத்த, "வாழ்க!" என்று கேன்டீனே சிரித்தது.

யூனியன் தலைவர் தேர்தல் முடிவை அப்போதுதான் ஆபீஸ் டைப்பிஸ்ட் ஹில்டா வாசித்து முடித்திருந்தாள். மொத்தம் அறுபத்து மூன்று ஓட்டு. தேவராஜ் முப்பத்தெட்டு, பரந்தாமன் இருபத்து நாலு. எந்தக் கட்சியிலும் சேராமல் நின்ற ஆரோக்கியசாமிக்கு ஒன்று.

அந்த ஒன்று எத்திராஜ் போட்டதுதான் என்பதில் அம்பத்தூர் எஸ்டேட்டின் அந்தச் சின்ன வால்வு கம்பெனியில் யாருக்கும் சந்தேகம் இல்லை. பதினைந்து நாளாக அவன் போட்ட சத்தம் அப்படி.

தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஜூலை மாதம். தேசமே தங்கத்தை அடகு வைத்துவிட்டது என்று பேப்பர்கள் எழுதிக்கொண்டிருந்தன. வெளிநாட்டு இரும்பு வருவது நின்றுபோய், பாதி மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. இருபது பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாக கேட்டில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

தேவராஜும் பரந்தாமனும் ஆளுக்கொரு பெரிய கட்சியின் கொடியோடு நின்றார்கள். பரந்தாமன் இருபது பர்சென்ட் போனஸ் என்றால், தேவராஜ் இருபத்தைந்து என்றார். ஒருத்தன் மேலும் கைவைக்க விடமாட்டோம் என்று இரண்டு பேருமே தொடையைத் தட்டினார்கள்.

ஆரோக்கியசாமி மட்டும் கேட் கூட்டத்தில் ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு, "போனஸ் வராதுங்க. எல்லாரும் வாரத்துக்கு நாலு நாள் வேலை பார்த்தோம்னா, ஒருத்தர் வேலையும் போவாது. எப்படின்னு எழுதி வெச்சிக்கீறேன்" என்றார். கூட்டம் ஊளையிட்டது. தேவராஜ் மட்டும் கையிலிருந்த பீடி அணைந்தது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

எத்திராஜுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அன்றிலிருந்து லேத்துக்கு லேத்து போய், "இன்னா மாமே, பொய் சொல்றவனுக்கே எத்தினி நாளைக்குக் குத்திகினு இருப்பீங்க? மனசாட்சின்னு ஒண்ணு கீதா, இல்லியா?" என்று கேட்டான். மேனாம்பேட்டு டீக்கடையில் கேட்டான். வீட்டில் மனைவி வடிவு சோறு போடும்போதும் கேட்டான்.

"உங்க கம்பெனில எனக்கு ஓட்டே கிடையாது, என்கிட்ட ஏன்யா கத்துறே?" என்றாள் வடிவு.

இவ்வளவும் செய்தவன், இன்று காலை டூல்ஸ் அலமாரிக்குப் பின்னால் பென்சிலும் சீட்டுமாகத் தனியாக நின்றான். நின்றதும் தேவராஜ் சொன்ன இருபத்தைந்து பர்சென்ட் கண் முன்னால் வந்துவிட்டது. நாற்பது பேரையாவது மாற்றிவிட்டோம், நம் ஒரு ஓட்டு குறைந்தால் ஆரோக்கியசாமி தோற்றுவிடப் போகிறாரா என்று தோன்றியது. தேவராஜ் பெயருக்கு நேரே டிக் அடித்து, சீட்டை நாலாக மடித்து டப்பாவில் போட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக வெளியே வந்தான்.

அப்படியானால் அந்த ஒன்று ஆரோக்கியசாமி தனக்குத்தானே போட்டுக்கொண்டது. ஊரை ஏமாற்றலாம், அவரை எப்படி ஏமாற்றுவது? அவர் கண்ணில் படாமல் போய்விட வேண்டும் என்று மாலையும் கழுத்துமாகவே சைக்கிள் ஸ்டாண்டுக்கு நழுவினான்.

அங்கேதான் நின்றிருந்தார் ஆரோக்கியசாமி. ஓடிவந்து அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"எத்திராஜு, நீ மனுசன்யா. நானே எனக்குப் போடல, தெரியுமா?"

"இன்னாண்ணாத்தே சொல்றே?"

"பயந்துட்டேன்பா. பரந்தாமன் வந்துட்டான்னா அந்த இருபது பேர்ல மொத ஆளா என்னைத்தான் தூக்குவான். அவன் வரக்கூடாதுன்னு தேவராஜுக்குக் குத்திட்டேன். நீ ஒருத்தன்தான் சொன்ன சொல்லைக் காப்பாத்தினே."

உண்மையைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது என்று எத்திராஜுக்குத் தெரிந்தது.

"கொள்கைன்னா கொள்கைதாண்ணாத்தே" என்று சொல்லிவிட்டது வாய்.

பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அவரும் போடவில்லை, நாமும் போடவில்லை என்றால் அந்த ஓட்டு எங்கிருந்து வந்தது? கண் தெரியாத பயல் எவனோ இடம் மாறி டிக் அடித்திருப்பான் என்று முடிவு கட்டிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து, ஜெயித்த தேவராஜ் ரோஜா மாலையோடு வந்தார். கூட வந்தவர்களைத் தூரத்திலேயே நிறுத்திவிட்டுத் தனியாக வந்தார்.

"ஆரோக்கியசாமி, நாளைக்கு மேனேஜரைப் பார்க்கப் போறேன். நாலு நாள் வேலைன்னு ஒரு பேப்பர் வெச்சிகினு இருந்தியே, அதைக் குடு. நீயும் கூட வா. இருபது குடும்பத்தைக் காப்பாத்த எனக்கு வேற வழி தெரியல."

ஆரோக்கியசாமி சட்டைப் பைக்குள் கையை விட்டார். எத்திராஜ் குறுக்கே பாய்ந்தான்.

"குடுக்காதே அண்ணாத்தே! இன்னா தேவராஜு, போனஸு போனஸுன்னு பொய் சொல்லி ஜெயிச்சிட்டு, இப்ப இவரு பேப்பரு மட்டும் இனிக்குதா? மனசாட்சிக்கு பயந்து இவருக்கு ஒரே ஒரு ஓட்டு போட்டிருப்பியா நீ?"

தேவராஜ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஒண்ணு என்னுதுபா."